பிரஸ் வாங்கும் முன்: மரக்கட்டை அச்சுக்கும் லெட்டர்பிரஸுக்கும் எது போதும், எது மிகை?

மரத்தில் படம் செதுக்கி அச்செடுக்கவும், கூடவே லெட்டர்பிரஸ் முறையில் ஈய எழுத்துக் கோத்து நாலு வரி சேர்க்கவும் ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது பிரஸ்ஸைத்தான். வார்ப்பிரும்பு எந்திரத்தின் படத்தைப் பார்த்ததும் மனம் அதில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் பிரஸ் என்பது அழுத்தம் கொடுக்க ஒரு வழி, அவ்வளவுதான். எவ்வளவு பரப்பில் மை படப்போகிறது, என்ன தாள், கட்டையின் உயரம் என்ன, எத்தனை பிரதி வேண்டும் என்பதெல்லாம் முடிவாகாமல் வாங்கிவிட்டால், அப்புறம் அந்த பிரஸ்ஸுக்கு ஏற்ற வேலையை நாம் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இந்தக் கேள்விகளில் முதலாவதுதான் மற்றதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரே நேரத்தில் எவ்வளவு இடம் அழுந்துகிறது?

ஏ4 தாளின் பரப்பு சுமார் 624 சதுர சென்டிமீட்டர். முழுக்கக் கறுப்பாக வரவேண்டிய ஏ4 கட்டை ஒன்றை 20 டன் ஹைட்ராலிக் ஜாக்கி வைத்த சட்டத்தில் அழுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சதுர சென்டிமீட்டருக்குக் கிடைப்பது சுமார் 32 கிலோ. கட்டையை ஏ3 ஆக்கினால் அது 16 கிலோவாகக் குறையும். அதே ஜாக்கிதான், அதே உழைப்புதான். ஆனால் நடுவில் மை வெளுத்துப் புள்ளி புள்ளியாக விழும்.

உருளை பிரஸ்ஸில் கதை வேறு. உருளை தாளைத் தொடுவது ஒரு மெல்லிய பட்டையில் மட்டும். அந்தப் பட்டை 1 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் நீளம் என்று கொண்டால் மொத்தம் 30 சதுர சென்டிமீட்டர். அதே 32 கிலோ அழுத்தத்துக்கு ஒரு டன்னுக்கும் குறைவான விசை போதும். கட்டை எவ்வளவு நீளமாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது, உருளை நகர்ந்துகொண்டே போகும். கையால் தேய்க்கும்போது ஒரு நேரத்தில் அழுந்துவது சில சதுர சென்டிமீட்டர்தான். உடல் எடையைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், பெரிய கட்டையைக்கூட அச்செடுத்துவிடலாம்.

பிளாட்டன் எந்திரம், நம் அச்சகங்களில் டிரெடில் என்று சொல்லிப் பழகியது, இதற்கு நேர் எதிர்முனை. அது தாள் முழுவதையும் ஒரே அடியில் அழுத்துகிறது. எழுத்து மட்டும் உள்ள பக்கத்தில் உண்மையாக மை படும் இடம் கொஞ்சம்தான். அதனால் அழுத்தம் தாராளமாகக் கிடைக்கும். அழைப்பிதழ், நோட்டீஸ், ரசீது என்று சில்லறை வேலைகளில் டிரெடில் கொடிகட்டிப் பறந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதே எந்திரத்தில் பெரிய கறுப்புப் பரப்புள்ள மரக்கட்டையைப் பூட்டினால் திணறும். இன்னும் இறுக்கினால் எந்திரத்தின் மூட்டுகள்தான் தேயும்.

ஆகவே பெரிய, அடர்ந்த பரப்புள்ள மரச்செதுக்கு என்றால் கை அல்லது உருளை. சிறிய எழுத்து வேலை, பிரதி அதிகம் என்றால் பிளாட்டன். மற்றதெல்லாம் இதற்கு நடுவில் வரும் சமாதானங்கள்.

கையால் எடுப்பது

பிரஸ் இல்லாமல் எடுப்பதை ஏதோ ஆரம்பகட்டத்து ஏற்பாடு போலப் பேசுகிறார்கள். ஜப்பானின் பழைய மரக்கட்டைப் படங்களான உகியோ-இ அச்சுகள் முழுக்கக் கையால் எடுக்கப்பட்டவை. அதற்கான கருவி பாரன், தாளின் முதுகைத் தேய்க்கும் வட்டத் தட்டு. அசல் பாரனில் மூங்கில் மடலைக் கிழித்து முறுக்கிய கயிறு சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். அதன்மேல் அரக்குப் பூசிய காகிதத் தட்டு, எல்லாவற்றையும் மூடி இன்னொரு மூங்கில் மடல். கயிற்றின் முடிச்சுகள்தான் அழுத்தப் புள்ளிகள். மெல்லிய கயிறு நுண்கோடுகளுக்கு, தடித்த கயிறு அடர்ந்த பரப்புக்கு. விலை மலிவான பிளாஸ்டிக் பாரன் கோட்டு வேலைக்குப் போதும், பெரிய பரப்பில் மணிக்கட்டைக் கொன்றுவிடும். குண்டுகள் பதித்த பாரன் அழுத்தம் நன்றாகக் கொடுக்கும், ஆனால் எண்ணெய் மையில் அதன் தடம் தாளில் தெரியலாம். மரக்கரண்டியின் முதுகு இன்றும் நல்ல கருவி. சிறிய இடத்தில் எங்கு அழுத்த வேண்டும் என்பது அதில் விரலுக்கே தெரியும்.

கை அச்சின் எல்லையை முடிவு செய்வது தாள். கோசோ போன்ற நீண்ட நாருள்ள, மெல்லிய, வலுவான தாள்களில் பாரன் அருமையாக வேலை செய்யும். சதுர மீட்டருக்கு 300 கிராம் பருத்தித் தாளைக் கையால் தேய்த்து எண்ணெய் மை ஏற்ற முயல்வது வீண் பாடு. தடித்த தாள்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் பிரஸ் தேவை என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது.

பிரஸ்களில் எது எதற்கு

ஜாக்கி வைத்துச் செய்யும் பிரஸ்ஸை இரும்புப் பட்டறையிலேயே கட்டிக்கொள்ளலாம். ஏ5 அளவு லினோ (மரத்துக்குப் பதில் செதுக்கும் மென்மையான விரிப்பு), சின்ன மரக்கட்டை ஆகியவற்றுக்கு நல்லது. பலகை துல்லியமாக இணையாக இல்லாவிட்டால் ஒரு மூலை மட்டும் அழுந்தும், ஒவ்வொரு பிரதிக்கும் ஏற்றி இறக்க நேரமாகும். ஐம்பது பிரதி எடுக்க நினைப்பவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

எட்சிங் பிரஸ் (உலோகத் தகட்டில் கீறிய படத்தை அச்செடுக்கும் உருளை பிரஸ்) வைத்திருப்பவர்கள் அதையே மரத்துக்கும் எழுத்துக்கும் பயன்படுத்த முடியுமா என்று கேட்பார்கள். மரத்துக்கும் லினோவுக்கும் முடியும், சில மாற்றங்களோடு. முதலில் கம்பளி ஃபெல்ட்டை எடுத்துவிட வேண்டும். அது மெத்தென்று இருப்பதால் தாள் செதுக்கிய பள்ளத்துக்குள் இறங்கி, படாத இடத்திலும் மை இழுக்கும். அதற்குப் பதில் மெல்லிய, கடினமான அட்டை. இரண்டாவது, கட்டையின் இரு பக்கமும் அதே உயரத்தில் சட்டங்கள் வைக்க வேண்டும். இல்லையென்றால் உருளை கட்டையின் விளிம்பில் ஏறி விழும்போது தாள் நழுவி அச்சு இரட்டையாகத் தெரியும். ஈய எழுத்துக்கு எட்சிங் பிரஸ்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் அழுத்தத்துக்கு எல்லை வைக்க யாரும் இல்லை, ஒரு சுற்று அதிகமாக இறுக்கினால் எழுத்தின் முனைகள் நசுங்கிவிடும். நசுங்கிய எழுத்துக்கு வைத்தியம் கிடையாது, உருக்குவதைத் தவிர.

இரண்டு வேலையையும் ஒரே எந்திரத்தில் செய்ய வேண்டும் என்றால் சந்தேகமே இல்லாமல் புரூஃப் சிலிண்டர் பிரஸ்தான். அமெரிக்காவில் சிகாகோவைச் சேர்ந்த வாண்டர்குக், ஸ்விட்சர்லாந்தின் ஃபாக், ஜெர்மனியின் கோரெக்ஸ் ஆகியவை இதில் பெயர் பெற்றவை. இவை திருத்தப்படி எடுக்கச் செய்யப்பட்டவை, நூலை அச்சிட அல்ல. இன்று கலைஞர்கள் இறுதி அச்சுக்கே இவற்றைத் தேடுவது ஒரு வேடிக்கை. பிரஸ்ஸின் தட்டையான மேடையான படுக்கையில் கட்டையும் எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் பூட்டலாம். உருளையிலுள்ள பிடிப்பான்கள் தாளை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பிடிப்பதால், பல நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டாலும் விலகாது. குறை என்றால் எடைதான், நூற்றுக்கணக்கான கிலோ. புதிதாக யாரும் பெருமளவில் செய்வதில்லை என்பதால், நல்ல நிலையில் உள்ளதை ஒருவர் விற்கும் நாள் வரை காத்திருக்க வேண்டும்.

இதன் எளிய தம்பி கேலி புரூஃப் பிரஸ்; கேலி என்பது கோத்த எழுத்தை வைக்கும் தட்டு. தண்டவாளம் போன்ற இரு விளிம்புகள் மேல் ஒரு கனமான உருளை ஓடும். பிடிப்பான் கிடையாது, மையும் நாமே கையால் போட வேண்டும். ஒரே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: இதன் படுக்கை, எழுத்தோடு கேலித் தட்டின் தடிமனையும் சேர்த்துக் கணக்கிட்டு ஆழமாக்கப்பட்டிருக்கும். கேலி இல்லாமல் நேரடியாகக் கட்டையை வைத்தால் அழுத்தமே விழாது. அந்தத் தடிமனுக்கு ஒரு தகட்டைக் கீழே போட்டுவிட்டால் சரியாகிவிடும். முதல் பிரஸ் எது வாங்கலாம் என்று கேட்பவருக்கு நான் சொல்வது இதுதான். பழுதாக அதில் ஒன்றும் இல்லை.

மேசை பிளாட்டன்களில் இங்கிலாந்தின் அடானா 8க்கு 5 பரவலாகத் தெரிந்தது. எழுத்தைப் பூட்டும் இரும்புச் சட்டமான சேஸின் உள்ளளவு 8க்கு 5 அங்குலம். வாழ்த்து அட்டை, பெயரட்டை, சின்னக் கவிதைத் தாள் வரை இது போதும். அந்த 8க்கு 5 முழுவதையும் கறுப்பால் நிரப்பலாம் என்று மட்டும் நம்ப வேண்டாம்; அடர்ந்த பரப்பு உள்ளங்கை அளவைத் தாண்டினால் கை நெம்புகோல் போதாது. காலால் மிதிக்கும் அல்லது மோட்டார் வைத்த பெரிய பிளாட்டன்களில் அமெரிக்காவின் சாண்ட்லர் அண்ட் பிரைஸ் உழைப்பாளி. அரை டன்னைத் தொடும் அல்லது தாண்டும் எடை. தானே தாளெடுத்துப் போடும் ஹைடெல்பர்க் விண்ட்மில் மணிக்கு 5000 பிரதி வரை ஓடக்கூடியது. நூறு பிரதி எடுக்கிற ஒருவருக்கு அது எதற்கு என்று எனக்குப் புரிந்ததில்லை. பெரிய பிளாட்டன் எதுவானாலும் ஓடும்போது கையை உள்ளே விட்டுத் தாளைத் திருத்தப் பார்க்கக் கூடாது. சுழலும் சக்கரத்தின் வேகம் காலை எடுத்ததும் நின்றுவிடாது. குழந்தைகள் நடமாடும் இடத்தில் வைக்கும் எந்திரமும் இதுவல்ல.

ஆல்பியன், கொலம்பியன் போன்ற 19ஆம் நூற்றாண்டுக் கை பிரஸ்கள் அழகானவை. இடமும் பணமும் இருப்பவர்கள் வாங்கட்டும்.

உயரம் என்ற ஒற்றை எண்

லெட்டர்பிரஸ் உலகம் முழுவதும் ஓர் எண்ணைச் சுற்றி நடக்கிறது. அமெரிக்க, பிரிட்டிஷ் மரபில் எழுத்தின் உயரம் 0.918 அங்குலம், அதாவது சுமார் 23.3 மில்லிமீட்டர். பிரான்சு, ஜெர்மனி பக்கம் 23.56 மில்லிமீட்டர். இரண்டையும் கலந்து பூட்டினால் உயரமானது தாளைக் குத்தும், குட்டையானது மை வாங்காது. பழைய எழுத்து வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது எழுத்துருவின் பெயர் அல்ல, உயரம்.

மரக்கட்டைக்கும் இதே விதிதான். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் செதுக்கினால் கீழே இன்னும் 5.3 மில்லிமீட்டர் சேர்க்க வேண்டும். 3.2 மில்லிமீட்டர் லினோவை 18 மில்லிமீட்டர் பலகையில் ஒட்டினால் 2.1 பாக்கி, அட்டையும், கடைசித் திருத்தத்துக்கு மெல்லிய தாளும் அடியில் வைத்துச் சரிக்கட்டலாம். கையால் மட்டும் எடுக்கப் போகிறவருக்கு இந்தத் தலைவலி எதுவுமே கிடையாது. 6 மில்லிமீட்டர் பலகையே போதும். பின்னால் எழுத்தோடு சேர்த்து அச்சிடும் எண்ணம் இருந்தால் மட்டும், தொடக்கத்திலேயே ஒரே தடிமனுள்ள பலகையாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. தடிமன் மாறி மாறி இருந்தால் ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனியாக அடிக்கட்டு போட்டே பொழுது போய்விடும்.

கட்டை: எந்த மரம்?

இதில் இரண்டு குலங்கள் உண்டு. பலகையின் நீளவாக்கில் இழை ஓடும் முகத்தில் செதுக்குவது ஒன்று. மரத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில், பியூரின் போன்ற கூர்ங்கருவிகளால் கீறுவது இன்னொன்று. இரண்டாவதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் இங்கிலாந்தின் தாமஸ் பியூவிக் (1753–1828). அதற்குப் பாக்ஸ்வுட் போன்ற இறுகிய மரம் வேண்டும். அது மெதுவாக வளரும் சிறு மரம் என்பதால் துண்டுகளை ஒட்டித்தான் பெரிய கட்டை செய்வார்கள். இந்தக் கட்டைகள் சரியாக எழுத்து உயரத்துக்கே செய்யப்பட்டதால் ஈய எழுத்தோடு ஒரே சேஸில் பூட்டி ஒரே முறையில் அச்சிட முடிந்தது. 19ஆம் நூற்றாண்டின் படம் போட்ட பத்திரிகைகள் இந்த வசதியில்தான் நின்றன. எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில், நுணுக்கமான சின்னப் படம், என்று யோசிப்பவர்களுக்கு இன்றும் இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. ஆனால் இழையில்லா முகத்தில் பியூரினைத் தள்ளப் பழகுவது தனிப் பயிற்சி, உளி பிடித்த கைக்குத் தானாக வந்துவிடாது.

நீளவாக்குப் பலகையில் ஜப்பானியர் நம்பியது மலைச் செர்ரி. இறுகியது, நுண்கோடு உடையாது, தண்ணீர் மையில் ஆயிரக்கணக்கான பிரதி தாங்கும். கற்கத் தொடங்குகிறவருக்கு அது வேண்டாம்; உளி கூராக இல்லாவிட்டால் மரம் நம்மைத் திருப்பி அடிக்கும். லிண்டன் இனத்து மரத்தில் செய்யும் ஷினா பிளைவுட் மென்மையானது, இழை சீரானது, எந்தத் திசையிலும் பெரும்பாலும் மல்லுக்கு நிற்காது. நடுத்தர நுணுக்கத்துக்கு அது போதும். சாதாரணக் கட்டட பிளைவுட்டின் மேலடுக்கு சிம்பு சிம்பாகப் பெயரும். அந்த முரட்டுத்தனத்தையும் மரத்தின் ரேகையையும் வேண்டுமென்றே அச்சில் கொண்டுவர நினைப்பவர்கள் மட்டும் அதை எடுக்கலாம்.

மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. தட்டையாக இருக்கும், இழை இல்லை, மலிவு, எல்லாம் சரி. ஆனால் மெல்லிய கோடு விளிம்பில் உதிர்கிறது, உளியின் கூர் சீக்கிரம் போகிறது, தண்ணீர் பட்டால் ஊதுகிறது, தூசு நுரையீரலுக்கு ஆகாது. லினோவுக்கு அடிப்பலகையாக வைத்துக்கொள்ளலாம்.

லினோ, ஆளி விதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்த்து சணல் துணியில் பரப்பியது. தரைவிரிப்பாகப் பிறந்து கலைக்கு வந்தது. இழை இல்லாததால் வளைகோடுகள் வழுக்கிக்கொண்டு வரும். பழசானால் இறுகிப் பொடியும், லேசாகச் சூடுகாட்டினால் இளகும். தண்ணீர் சார்ந்த ஜப்பானிய முறைக்கு லினோ ஒத்துவராது. நிறமி மரத்தின் மேற்பரப்பில் ஊறி அங்கிருந்து தாளுக்கு வருவதுதான் அந்த முறையின் உயிர்.

உளிகள்

ஒரு கத்தி, ஒரு சிறிய வி உளி, 3 மில்லிமீட்டர் அளவில் ஒன்றும் அதைவிட அகலமாக ஒன்றுமாக இரண்டு யூ உளிகள், வெற்றிடம் வாரியெடுக்க ஒரு தட்டை உளி. பன்னிரண்டு உளிகள் உள்ள மலிவுப் பெட்டியைவிட இந்த ஐந்தும் நல்ல எஃகில் இருப்பது மேல். ஸ்விட்சர்லாந்தின் ஃபைல் உளிகள் காளான் போன்ற பிடியோடு உள்ளங்கையில் அடங்கும், தீட்டியே வரும். ஜப்பானியக் கருவிகளில் கடின எஃகை மென்னிரும்போடு அடித்துச் சேர்த்திருப்பார்கள். கூர் நீண்ட நாள் நிற்கும், தீட்டுவதும் எளிது. தள்ளிச் செதுக்கும் பழக்கம் உள்ளவருக்கு முன்னது, கத்தியால் கோட்டின் இருபுறமும் அறுத்து நடுவை விடும் முறையைக் கற்கப் போகிறவருக்குப் பின்னது. முனை மாற்றிக்கொள்ளும் சிறு கருவிகள் லினோவோடு நிற்கட்டும்.

உளிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைத் தீட்டுக்கல்லுக்கு வையுங்கள்: நுண்மை எண் 1000 உள்ளது ஒன்று, 6000 உள்ளது ஒன்று, பாலிஷ் பசை தடவிய தோல் துண்டு ஒன்று. மரம் சரியில்லை என்று வரும் புகார்களில் பெரும்பகுதி உளியின் முனையில்தான் தீர்கிறது.

ஈய எழுத்தா, பாலிமர் தகடா?

ஈயம், ஆன்டிமனி, தகரம் கலந்த உலோக எழுத்தின் சுகம், சேஸில் வைத்து அங்கேயே வரியை மாற்றலாம் என்பது. கம்போசிங் ஸ்டிக் என்ற கைத்தட்டில் எழுத்தாக எழுத்தாகக் கோத்து, வரிகளுக்கு நடுவே லெட் என்ற மெல்லிய பட்டை போட்டு, குவாயின் என்ற ஆப்பை இறுக்கிப் பூட்டும் வரையிலான வேலையே சிலருக்கு லெட்டர்பிரஸ். பழைய கேஸ்களில் (எழுத்துப் பெட்டிகளில்) வெள்ளைப் பொடி படிந்த எழுத்து இருந்தால் தொட வேண்டாம், அது ஈயச் சேர்மமாக இருக்கலாம். எழுத்தைத் தொட்ட கையோடு சாப்பிடவும் கூடாது.

ஃபோட்டோபாலிமர் தகட்டில் நெகட்டிவ் வைத்துப் புற ஊதா ஒளி காட்டி, ஒளிபடாத இடத்தைத் தண்ணீரில் கரைத்துவிடுவார்கள். கணினியில் உள்ள எந்த எழுத்துருவும், எந்த மொழியும், எந்தக் கோட்டோவியமும் அச்சுக்கு வந்துவிடும். உலோக அடித்தளம் ஒரு முறைச் செலவு, தகடு ஒவ்வொரு வேலைக்கும் செலவு. தடித்த பருத்தித் தாளில் விரலுக்குத் தட்டுப்படும்படி ஆழமாக அழுத்தும் இன்றைய மோகத்துக்குத் தகடுதான் சரி. பழைய அச்சுக்காரர்கள் தாளின் பின்பக்கம் எதுவும் தெரியாமல் மை மட்டும் முத்தமிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தவர்கள். ஆழமாகக் குத்தினால் ஈய எழுத்து தேய்ந்து போகும். மறுபடி வார்க்க வாய்ப்பில்லாத எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிச் செய்வது அநியாயம். பெரிய தலைப்புகளுக்கு மேப்பிள் மரத்தின் குறுக்கு முகத்தில் வெட்டிய மர எழுத்து உண்டு. அதைத் தண்ணீரில் கழுவவே கூடாது.

மை

உலோக எழுத்துக்கு எண்ணெய் மை அல்லது ரப்பர் சார்ந்த மை. இரண்டாவது மை உருளையில் மணிக்கணக்கில் காயாமல் இருக்கும், தாளில் ஊறி அமரும். மெதுவாக வேலை செய்கிறவருக்கு அதுவே வசதி. ஆனால் மை ஊறாத வழவழப்புத் தாளில் காயாமல் அப்படியே நிற்கும். லினோவுக்கும் எண்ணெய் முறை மரச்செதுக்குக்கும், சோப்புத் தண்ணீரில் கழுவக்கூடிய எண்ணெய் மைகள் இப்போது நன்றாகவே இருக்கின்றன. வீட்டு அறையில் வேலை செய்கிறவர் அதைத்தான் எடுக்க வேண்டும். குழாயில் வரும் மலிவான தண்ணீர் மை கற்றுக்கொடுக்கும் வகுப்புக்குச் சரி, நுண்கோட்டை அடைத்துவிடும். ஜப்பானிய முறையில் மை என்றே தனியாக ஒன்றும் இல்லை. நிறமி, தண்ணீர், கொஞ்சம் அரிசிப் பசை, தேய்க்க ஒரு தூரிகை; மை உருளையே தேவையில்லை.

மை உருளை வாங்கும்போது, சற்றே மேடுபள்ளமான மரக்கட்டைக்கு மென்மையான ரப்பர், எழுத்துக்குக் கடினமானது. மென்மையான உருளை எழுத்தின் பக்கவாட்டிலும் மை பூசிவிடும்.

பழைய பிரஸ் பார்க்கப் போகும்போது

பெயின்ட்டைப் பார்க்க வேண்டாம். வார்ப்பில் விரிசல் அல்லது ஒட்டுப் போட்ட தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், குறிப்பாக நெம்புகோல் பொருந்தும் இடங்களில். படுக்கையின் மேல் நேர்ச்சட்டம் வைத்து நடுவில் குழி விழுந்திருக்கிறதா என்று பார்க்கலாம். மை உருளைகள் கெட்டிருந்தால் கவலை இல்லை, புதிதாக ரப்பர் ஏற்றித் தருகிறார்கள்; ஆனால் உருளையின் உலோகத் தண்டு இல்லை என்றால் அளவெடுக்கவே வழி இருக்காது. பிடிப்பான், சேஸ், கைப்பிடி ஆகியவை உடன் வருகின்றனவா என்று விலை பேசும் முன் கேட்டு, முடிந்தால் விற்பவர் முன்னிலையிலேயே ஒரு அச்சு எடுத்துப் பாருங்கள். நான்கு மூலையிலும் ஒரே எழுத்தை வைத்துப் பூட்டி அச்செடுத்தால், எந்திரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.